இரவு வேளையில் கால் நோவு

நள்ளிரவு கடந்து மணி இரண்டு. ஒரே தெருவில் ஐந்து வீடுகளில் ஐந்து பேர் கால் நோவினால் விழித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வீட்டுக்காரர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து காலைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டாம் வீட்டு அம்மாள் கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருக்கிறாள். மூன்றாமவர் பாயை விட்டு எழுந்து, குளிர்ந்த சிமெண்டுத் தரையில் உள்ளங்கால்களைப் பதித்தபடி நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். நான்காமவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலை அழுத்தி ஊன்றி நிற்கிறார். ஐந்தாமவரோ அசையவும் இல்லை, ஒருவரையும் அருகில் அண்டவிடவும் இல்லை, மேலே கிடந்த போர்வையைக்கூட உதறித் தள்ளிவிட்டுத் தம் காலின் பெருவிரலையே வெறித்துக்கொண்டு படுத்திருக்கிறார். பொழுது விடிந்ததும் இந்த ஐவரும் வைத்தியரிடம் சென்று, “ராத்திரியில் கால் வலி, டாக்டர்” என்று ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். வைத்தியருக்கும் அவசரமானால், ஐவருக்கும் ஒரே மாத்திரையை எழுதிக் கொடுத்துவிடுவதும் உண்டு.

ஆனால் ஐவருடையவையும் ஐந்து வெவ்வேறு வியாதிகள். ஒருவருக்கு ரத்தக் குழாயில் கோளாறு, ஒருவருக்கு இரும்புச் சத்துக் குறைவு, ஒருவருக்கு நரம்பில் சேதம், ஒருவருக்குத் தசையில் இழுப்பு, ஒருவருக்கு மூட்டுக்குள் உப்புப் படிவு. தூக்கக் கலக்கத்தில், யாரும் சொல்லிக் கொடுக்காமலே, அவரவர் தம் காலுக்கு என்ன செய்துகொள்கிறார்களோ அந்தச் செய்கையே நோயின் அடையாளத்தைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆகையால் இந்த அத்தியாயத்தை வாசிப்பவர்கள் தைலப் புட்டியைத் தேடுவதற்கு முன்பாக, தங்கள் கால் எதைக் கேட்கிறது, தொங்கவிடச் சொல்கிறதா, நடக்கச் சொல்கிறதா, குளிர்ச்சியை நாடுகிறதா, நீட்டி ஊன்றச் சொல்கிறதா, தொடாதே என்கிறதா என்பதைக் கவனித்துக்கொள்ளவேண்டும். கவனிக்காமல் செய்யும் உபசாரம் சில வேளைகளில் அபகாரமாகவே முடியும். ஒருவருக்கு இதமளித்த வெந்நீர் ஒத்தடம் இன்னொருவருடைய விரலைப் பறித்துவிடும் என்பதை இவ்விஷயத்தில் அனுபவம் உள்ளவர்கள் எல்லாரும் அறிவார்கள்.

பகலில் இல்லாத நோவு இரவில் மட்டும் வருவானேன் என்பது நியாயமான கேள்வி. பகலில் கண்ணும் காதும் ஆயிரம் செய்திகளைக் கொண்டுவந்து கொட்டுவதால், காலிலிருந்து செல்லும் சிறு முறையீட்டை மூளை பொருட்படுத்துவதில்லை. விளக்கணைந்த பிறகு அந்த முறையீடு ஒன்றே மிஞ்சி நிற்கிறது. இது ஒரு காரணம்தான். சரீரத்தில் நிகழும் மாறுதல்களும் உண்டு. வீக்கத்தையும் அழற்சியையும் அடக்கிவைக்கும் கார்ட்டிசால் என்ற சுரப்பு நள்ளிரவையொட்டி மிகத் தாழ்ந்திருக்கிறது. இதயத்துக்கு வெகுதொலைவில் இருக்கும் கால்விரல்கள் குளிர்கின்றன. நிற்கும்போது பூமியின் ஈர்ப்பினால் பாதத்துக்குத் தானாகவே இறங்கிவந்த ரத்தம், படுத்தவுடன் அந்த உதவியை இழக்கிறது. கிட்டத்தட்ட இந்த மாறுதல் ஒவ்வொன்றோடும் ஒரு நோய் தொடர்புகொண்டிருக்கிறது.

போர்வையை உதறிய ஐந்தாமவரை முதலில் பார்ப்போம். அவருக்கு வந்திருப்பது கவுட் என்று டாக்டர்கள் சொல்லும் மூட்டு நோய். ஆயுர்வேத நூல்கள் வாதரத்தம் என்று விவரிக்கும் நோயும் பெரும்பாலும் இதைத் தழுவியதே. அதற்கு ஆட்யவாதம், அதாவது செல்வர்களுக்கு வரும் வாதம் என்றும் ஒரு பெயர் உண்டு. இங்கிலாந்தில் தாமஸ் சிடென்ஹாம் என்ற வைத்தியர், தாமே நெடுங்காலம் இந்நோயால் வருந்தியவர், 1683ல் இதைப் பற்றி எழுதிய நூலில், நல்ல தேகநிலையோடு படுக்கைக்குச் செல்பவர் இரவு சுமார் இரண்டு மணிக்குப் பெருவிரல் வலியால் எழுப்பப்படுவதையும், துணியின் பாரமும் அறையில் ஒருவர் நடக்கும் அதிர்ச்சியும்கூடத் தாங்காமல் தவிப்பதையும் நுட்பமாக வருணித்திருக்கிறார். முந்நூறு வருஷங்களுக்கு மேல் கடந்தும் அந்த வருணனையில் திருத்தவேண்டியது அதிகம் இல்லை. ஒரே மூட்டு, பெரும்பாலும் பெருவிரல் பாதத்தோடு சேரும் இடம், சில மணி நேரத்துக்குள் சிவந்து, பளபளத்து, வீங்கி, தொட்டால் சுடும். முதல் நாள் மாலை வரை அங்கே ஒன்றுமே இருந்திராது.

நாம் உண்ணும் உணவிலும் நம் சரீரத்தின் அணுக்களிலும் உள்ள பியூரின் என்ற பொருள் சிதையும்போது யூரிக் அமிலம் உண்டாகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. சிறுநீரகம் மந்தித்தாலும், உற்பத்தி மிகுந்தாலும், நூறு மில்லிலிட்டர் ரத்தத்தில் சுமார் 6.8 மில்லிகிராமுக்கு மேல் அது சேரும்போது, கரைந்திருக்க இடமின்றி ஊசி போன்ற படிகங்களாக மூட்டில் படிகிறது. சர்க்கரைப் பாகு ஆறினால் கற்கண்டு கட்டுவது போல, வெப்பம் குறையக் குறைய இந்த அமிலத்தின் கரையும் சக்தியும் குறைவதால், சரீரத்தின் மிகக் குளிர்ந்த எல்லையாகிய கால்விரலையே அது முதலில் தேர்ந்துகொள்கிறது. நள்ளிரவுக்கும் காலை எட்டு மணிக்கும் இடையில் இந்நோய் அதிகமாகத் தாக்குவதன் காரணம் இதிலிருந்து ஓரளவு விளங்கும். ஆண்களுக்கு நாற்பதை ஒட்டியும், பெண்களுக்குப் பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பிறகும் இது வருகிறது. ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பீர் அருந்துகிறவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோரை இது தேடிவரும்.

நோயாளிகளை ஏமாற்றும் விஷயம் ஒன்று இதில் உண்டு. வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தைப் பரிசோதித்தால், யூரிக் அமிலம் சாதாரண அளவிலேயே இருப்பதாக முடிவு வரலாம். அதனால் நோய் இல்லையென்று ஆகிவிடாது. இரண்டு வாரங்கள் கழித்துத் திரும்பப் பார்க்கவேண்டும். அதைப்போலவே, ரத்தத்தில் அளவு கூடியிருக்கிறது என்பதற்காக மட்டும் ஒவ்வொரு கால் வலியையும் கவுட் என்று சொல்லிவிடவும் கூடாது. உணவைப் பொறுத்தவரை, துவரம் பருப்பையும் கீரையையும் காளானையும் நிறுத்திவிட்டுச் சோர்ந்துபோகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தாவர உணவிலுள்ள பியூரின் இந்நோயை அவ்வளவாகத் தூண்டுவதில்லை. ஈரல், சிறுநீரகம் முதலிய உள்ளுறுப்பு இறைச்சி, மத்தி, நெத்திலி, சாராய வகைகள், சர்க்கரை சேர்த்த புட்டிப் பானங்கள் ஆகியவற்றைக் குறைப்பதே பிரயோஜனமுள்ளது.

அந்த இரவில் செய்யத்தக்கது, காலை அசைக்காமல் ஒரு தலையணைமேல் உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்துப் பதினைந்து நிமிஷம் வைத்து எடுப்பதும், தாராளமாகத் தண்ணீர் குடிப்பதும்தான். ஆனால் அடுத்து வரவிருக்கும் நரம்பு நோயோ ரத்தக் குழாய் நோயோ உள்ளவர்கள் பனிக்கட்டியைத் தவிர்க்கவேண்டும். போர்வை உராயாமலிருக்க, இருபுறமும் திறந்த ஓர் அட்டைப் பெட்டியைப் பாதத்தின்மேல் கவிழ்த்து, அதன்மேல் போர்வையை விரிக்கலாம். அழற்சிக்கு எதிரான வலி மாத்திரைகள் கேட்கும் என்றாலும், சிறுநீரகமோ இதயமோ இரைப்பையோ பழுதுபட்டவர்கள் அவற்றைத் தாமாக வாங்கி விழுங்குவது அபாயம். கால்சிசின் என்ற பழைய மருந்தும் உண்டு. அதற்கு மூலப்பொருளான விதை, தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் விவசாயிகள் பந்தல் போட்டு வளர்க்கும் கண்வலிக் கிழங்குச் செடியிலிருந்து கிடைக்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளும் அதுவே. மருந்தாகும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. ஆகையால் மாத்திரையை வைத்தியர் சொன்ன கணக்குக்கு மேல் உண்ணலாகாது, கிழங்கை எவர் சொல்லியும் வாயில் வைக்கலாகாது. நோய் அடிக்கடி திரும்புமானால், யூரிக் அமிலத்தை 6 மில்லிகிராமுக்குக் கீழே நிறுத்திவைக்க அல்லோபியூரினால் போன்ற மருந்துகளை வருஷக் கணக்கில் சாப்பிட நேரும். வலி போய்விட்டதென்று அதை நிறுத்துகிறவர்களுக்கே வலி திரும்பி வருகிறது. சிவந்த மூட்டோடு குளிர்காய்ச்சலும் சேர்ந்து வந்தால், அது கவுட்டாக இராமல் மூட்டுக்குள் சீழ் பிடித்ததாகவும் இருக்கலாம்; அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

மூன்றாம் வீட்டுக்காரர், குளிர்ந்த தரையை நாடியவர், நம் நாட்டில் எண்ணிக்கையில் மிகுந்தவர். “மிளகாயை அரைத்துப் பூசியது போல எரிகிறது” என்பார். “எறும்பு ஊர்கிறது, ஊசி குத்துகிறது” என்பார். அடுத்த மூச்சில், “காலே மரத்துக் கிடக்கிறது, பஞ்சுமேல் நடப்பது போல இருக்கிறது, செருப்புக் கழன்று விழுந்ததுகூடத் தெரியவில்லை” என்றும் சொல்வார். எரிச்சலும் மரப்பும் ஒன்றுக்கொன்று முரண் என்று வீட்டார் நகைக்கக்கூடும். முரண் ஒன்றும் இல்லை. நரம்பு பழுதுபடும்போது வெளியிலிருந்து வரும் மெய்யான செய்தியைக் கொண்டுசெல்லும் ஆற்றலை இழந்து, தானே பொய்ச் செய்திகளைக் கிளப்பிக்கொண்டிருக்கிறது. ஆகவே இல்லாத நெருப்பு சுடுகிறது, இருக்கிற முள் தெரிவதில்லை. சரீரத்திலேயே மிக நீளமான நரம்புகள் பாதத்துக்குச் செல்பவையாதலால், சேதம் இரண்டு பாதங்களின் விரல் நுனிகளிலும் ஒருங்கே தொடங்கி, காலுறை அணிந்த அளவுக்கு மெல்ல மேலேறுகிறது.

காரணங்களுள் முதன்மையானது நீரிழிவு. சிலருக்குச் சர்க்கரை நோய் இருப்பதே இந்தப் பாத எரிச்சலைக் கொண்டுதான் முதன்முதலில் தெரியவருகிறது. ஆகவே பரிசோதனை செய்துகொள்ளாத ஒருவருக்கு இரண்டு பாதங்களிலும் இரவில் எரிச்சல் கண்டால், பன்னீரும் விளக்கெண்ணெயும் தடவிப் பார்ப்பதற்கு முன்னால் ரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். அடுத்தது பி12 வைட்டமின் குறைவு: மாமிசம், முட்டை, பால் இவற்றை அறவே ஒதுக்கியவர்களுக்கும், மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருஷங்கள் சாப்பிடுகிற நீரிழிவு நோயாளிகளுக்கும் இது நேர்கிறது, பின்னவர்களுக்கு எரிச்சல் சர்க்கரையாலா, அதன் மருந்தினாலா என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லவேண்டும். நெடுநாள் மதுப்பழக்கம், காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிட் மருந்து, தைராய்டு மந்தம், சிறுநீரகப் பழுது, தொழுநோய் முதலியனவும் நரம்பைத் தாக்கும். தோலில் எங்கேனும் உணர்ச்சியற்ற தேமல் தென்பட்டால் அதைக் கட்டாயம் காட்டவேண்டும்.

பாத எரிச்சலுக்கு நம் நாட்டில் ஒரு சரித்திரமே உண்டு. கிரியர்சன் என்ற ஆங்கில வைத்தியர் 1826லேயே இதைப் பற்றி எழுதினார். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானியரிடம் சிறைப்பட்ட போர்வீரர்கள், தீட்டிய அரிசியையே உண்டு, இரவெல்லாம் பாதம் எரிந்து உறக்கமின்றி உலாவினார்கள். அவர்களுக்கிடையே அதற்குப் பரிகாசமாக ‘மகிழ்ச்சிப் பாதம்’ என்று பொருள்படும் பெயர் வழங்கியதாம். குன்னூர் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த சி. கோபாலன் 1946ல் இந்த எரிச்சலைப் பற்றி எழுதிய கட்டுரையில், பி வைட்டமின் தொகுதியைச் சேர்ந்த பான்டோதெனிக் அமிலம் பலன் அளித்ததாகக் குறிப்பிட்டார். இன்று அந்தப் பஞ்ச காலத்து எரிச்சல் அருகிவிட்டது. ஆனாலும் ‘பாத எரிச்சல் என்றால் பி காம்ப்ளெக்ஸ்’ என்ற எண்ணம் மட்டும் மருந்துக் கடை வரையில் நிலைத்துவிட்டது. குறைவு உள்ளவருக்கு அது அமிர்தம். குறைவு இல்லாதவர் வருஷக் கணக்கில் அதிக அளவில் விழுங்கினால், அதிலுள்ள பி6 வைட்டமினே நரம்பைப் பழுதாக்கி அதே எரிச்சலை உண்டாக்கும் என்பதைப் பலரும் அறியார்கள்.

நரம்பு நோயில் வலியைவிட வலியின்மையே பெரிய அபாயம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946ல் வந்து சேர்ந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயாளிகளின் கால் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி உணர்ச்சி அற்றுப்போனதால் கல்லும் ஆணியும் சூடும் படுவது தெரியாமல் அவர்கள் காயத்தின்மேலேயே நடந்து தேய்த்துவிடுகிறார்கள் என்பதைக் காட்டினார். அந்த அறிவிலிருந்து உண்டானதே மென்மையான ரப்பர் அடித்தளமுள்ள எம்.சி.ஆர். செருப்பு, தொழுநோயாளிகளுக்காக ஏற்பட்டது இன்று நீரிழிவு நோயாளிகளையும் தாங்கிக்கொண்டிருக்கிறது. வைத்தியரிடம் சென்றால், 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டும், அதிரும் இசைக்கவையைப் பெருவிரலில் வைத்தும் உணர்ச்சியைப் பரீட்சிப்பார்; வலியற்ற, ஐந்து நிமிஷத்துப் பரீட்சை.

ஆகையால் எரிச்சலும் மரப்பும் உள்ளவர்கள் வெந்நீர்ப் பை, சூடான செங்கல் ஒத்தடம், சுடுமணல் முடிச்சு ஆகியவற்றை அடியோடு விலக்கவேண்டும். காலைக் கழுவும் தண்ணீரின் சூட்டையும் காலால் பார்க்காமல் முழங்கையால் பார்க்கவேண்டும். பெற்றோர் மேலுள்ள அன்பினால் மகளோ மருமகளோ வைத்த வெந்நீர்ப் பை, விடியற்காலையில் உள்ளங்காலில் பெரிய கொப்புளமாக விளைந்திருந்ததை ஒரு முறையாவது காணாத வைத்தியர் இருக்கமாட்டார். குளிர்ச்சி இதமாயிருப்பினும், பனிக்கட்டி நீரில் நெடுநேரம் பாதத்தை ஊறவைப்பதும் தோலைக் கெடுக்கும். சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதே மூல சிகிச்சை. சாதாரண வலி மாத்திரைகள் இங்கே அநேகமாகப் பலிப்பதில்லை. பிரெகாபாலின், டுலாக்செடின், அமிட்ரிப்டிலின் போன்ற நரம்பு வலி மருந்துகளை வைத்தியர் வயதையும் சிறுநீரகத்தையும் பார்த்துச் சிறிய அளவில் தொடங்குவார். மனச்சோர்வுக்கும் வலிப்புக்கும் தரும் மாத்திரையை எனக்கு ஏன் கொடுத்தார்கள் என்று மருந்துச் சீட்டைப் படித்துவிட்டு வருந்த வேண்டியதில்லை. நரம்பின் பொய்ச் செய்தியை அடக்கவும் அவை பயன்படுகின்றன.

கட்டிலின் விளிம்பில் காலைத் தொங்கவிட்ட முதல் வீட்டுக்காரர் ஐவருள்ளும் அபாயத்துக்கு மிக அருகில் இருப்பவர். அவர் காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனிகள் உட்புறம் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து குறுகிவிட்டன. அவரை விசாரித்தால் கதை இன்றிரவு தொடங்கியதல்ல என்பது தெரியும்: ஒன்றிரண்டு வருஷமாகவே பஸ் நிலையத்துக்கு நடக்கையில் ஆடுசதை இறுகி வலித்து, பாதி வழியில் நின்று, இரண்டு நிமிஷம் ஏதோ கடையைப் பார்ப்பது போல நின்றுவிட்டு மறுபடி நடந்திருப்பார், நிற்கும் தூரம் வரவர நெருங்கிவந்திருக்கும், வயசானால் அப்படித்தான் என்று உதாசீனம் செய்திருப்பார். இப்போது ஓய்விலேயே விரல்களும் புறங்காலும் நோகின்றன. படுத்தால் ஈர்ப்பின் உதவி போய்விடுவதால் ரத்தம் எட்டாமல் வலிக்கிறது. தொங்கவிட்டால் கொஞ்சம் இறங்கிவந்து தணிக்கிறது. உயர்த்தினால் பாதம் வெளுக்கும், தொங்கவிட்டால் செம்மை படரும், தொட்டால் மற்றக் காலைவிடச் சில்லென்றிருக்கும். இவருக்குத் தலையணை வைத்துக் காலை உயர்த்துவது, வற்றுகிற வாய்க்காலுக்கு மேட்டில் மடை வெட்டுவது போன்றது. கவுட் நோயாளிக்குச் சொன்ன உபசாரத்தை இவருக்குச் செய்யவே கூடாது.

புகையிலை, நீரிழிவு, ரத்த அழுத்தம், கொழுப்பு மிகுதி ஆகிய நான்கும் இதற்குக் காரணம்; நான்கில் புகையிலைக்கே முதலிடம் கொடுக்கவேண்டும். நாற்பது வயதுகூட நிரம்பாத ஆண்கள் பீடியோ சிகரெட்டோ விடாமல் பிடித்துக் கால்விரல்கள் கறுத்து வரும் ஒரு தனி நோயும் உண்டு. நியூயார்க்கில் லியோ பர்கர் என்ற வைத்தியர் 1908ல் விரிவாக விவரித்ததால் அவர் பெயராலேயே வழங்குகிறது. இதில் கொழுப்புப் படிவு அல்ல, குழாய்களின் அழற்சியே காரணம். பீடியைக் குறைப்பதால் இங்கே பயனில்லை. அறவே விட்டவருக்குக் கால் பெரும்பாலும் தப்புகிறது, விடாதவருக்கு ஒவ்வொரு விரலாகப் போகிறது. வெற்றிலையோடு போடும் புகையிலையும் கணக்கில் சேர்ந்ததே.

வீட்டிலேயே ஒருவர் ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். புறங்காலின் நடுவில், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நேர் மேலே இரண்டு விரல்களை மெல்ல வைத்தால் நாடி துடிப்பதை உணரலாம். கணுக்காலின் உட்புற எலும்புக்குப் பின்னாலும் மற்றொரு நாடி உண்டு. அழுத்திப் பிடித்தால் நாடி நசுங்கி மறைந்துவிடும். இரண்டும் அகப்படவில்லை என்றால் உடனே பயப்படவேண்டாம்; நல்ல கால் உள்ளவர்களிலும் சிலருக்குப் புறங்கால் நாடி கிடைப்பதில்லை. ஆனால் இரவு வலியும் கூடவே இருந்தால் அந்த வாரத்துக்குள் ரத்தக் குழாய் வைத்தியரைக் காணவேண்டும். அவர் கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்; விகிதம் 0.9க்குக் கீழே இருந்தால் அடைப்பு என்று கொள்வார்கள். நீரிழிவால் குழாய் கல்லாக இறுகியவர்களுக்கு இக்கணக்குப் பொய்யாக உயர்ந்து காட்டக்கூடும் என்பதால் வேறு பரிசோதனைகளும் தேவைப்படும். விரலில் கருமை, ஆறாத புண் இவை கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. நன்றாயிருந்த கால் திடீரென்று கடுமையாக வலித்து, வெளுத்து, சில்லிட்டு, மரத்துப்போனால் குழாயில் ரத்தக்கட்டி அடைத்துவிட்டது என்று பொருள். சுமார் ஆறு மணி நேரத்துக்குள் அடைப்பை நீக்கினால்தான் காலைக் காப்பாற்றும் நம்பிக்கை உண்டு. விடியட்டும் என்று காத்திருப்பது காலைக் கைவிடுவதாகும்.

கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்த அம்மாளின் நோவை நோவு என்று சொல்வதே முழுப் பொருத்தமில்லை. எலும்புக்குள் ஏதோ குடைகிறது, காலைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை என்பாள். கால் குடைச்சல் என்று நம் பாட்டிமார் சொன்ன சொல்லுக்கு மேலான சொல் வைத்திய சாஸ்திரத்தில் இல்லை. பேரனைக் காலின்மேல் ஏறி மிதிக்கச் சொல்வதும், பழைய புடவைக் கிழிசலால் ஆடுசதையை இறுகக் கட்டிக்கொண்டு படுப்பதும் இந்நோய்க்கு வீட்டார் கண்ட பரிகாரங்கள். உட்கார்ந்தால், படுத்தால் வரும்; எழுந்து நடந்தால் அந்தக் கணமே விலகும்; மாலையில் தொடங்கி இரவில் மிகும். தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில வைத்தியர் 1672ல் இதைக் கண்டு எழுதினார். ஸ்வீடனைச் சேர்ந்த எக்போம் 1945ல் ‘அமைதியற்ற கால்கள்’ என்ற பெயரைச் சூட்டினார். தலைமுறையாகச் சில குடும்பங்களில் தொடர்ந்துவரும். பெண்களிடம், முக்கியமாகக் கர்ப்ப காலத்தில், இரும்புச் சத்துக் குறைவே பெரும்பாலும் பின்னணியில் இருக்கும். ஹீமோகுளோபின் சரியாயிருக்கிறது என்று மட்டும் பார்த்து விட்டுவிடாமல், சேமிப்பிலுள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லிக் கேட்கவேண்டும். அது 75க்குக் கீழே இருந்தாலே இந்நோயாளிகளுக்கு இரும்புச் சத்துக் கொடுப்பது வழக்கம். மாலைக்குப் பிறகு காப்பியை நிறுத்துவது உதவும். ஜலதோஷத்துக்கும் அரிப்புக்கும் சாப்பிடும் தூக்கம் தருகிற மாத்திரைகள் சில, தூக்கத்தைக் கொடுப்பதற்குப் பதில் குடைச்சலை மிகுதியாக்கும்.

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற நான்காமவருக்கு வந்தது வெறும் தசை இழுப்பு. குரக்குவலி என்றும், நரம்பு சுண்டிக்கொண்டது என்றும் சொல்வோமே, அது. ஆடுசதை கல்லாகத் திரண்டு, விரல்கள் தாமாகக் கீழ்நோக்கி மடங்கி, சில நிமிஷங்களில் விட்டுவிடும். மறுநாளும் அந்த இடம் கன்றிப்போனது போல இருக்கும். உறக்கத்தில் பாதம் கீழ்நோக்கி நீண்டு, ஆடுசதை முன்பே சுருங்கிய நிலையில் இருப்பதால் இது எளிதில் நேர்கிறது. காலை நீட்டி, விரல்களைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி இழுத்தால் அல்லது எழுந்து குதிகாலை ஊன்றி நின்றால் தசை விட்டுக்கொடுக்கும். வெயிலில் உழைத்துத் தண்ணீர் போதாமல் குடித்தவர்கள், கர்ப்பிணிகள், வயோதிகர், சிறுநீர் பெருக்கும் மாத்திரை சாப்பிடுவோர் ஆகியவர்களுக்கு அதிகம். படுக்கப் போகுமுன் சுவரில் கை ஊன்றி ஆடுசதையை மூன்று நான்கு தடவை நீட்டிவிடுவது நல்ல பழக்கம். இதற்காகக் குவினைன் மாத்திரை சாப்பிடும் வழக்கம் ஒரு காலத்தில் பரவியிருந்தது. ரத்தத்தட்டுகளையும் இதயத் துடிப்பையும் அது கெடுக்கக்கூடும் என்பதால் அமெரிக்க அரசு 1994ல் அதைக் கால் இழுப்புக்காகக் கடையில் தாராளமாக விற்பதை நிறுத்திவிட்டது.

இந்த ஐவரிலும் சேராதவர்கள் சிலர் உண்டு. கணுக்காலின் உட்புறம் நரம்பு நெரிபடுவதால் ஒரே உள்ளங்காலில் மட்டும் எரிச்சல் வரும். முதுகெலும்பில் நரம்பு அழுந்தினால் வலி இடுப்பிலிருந்து ஒரு கோடு போல இறங்கிவரும். சதைக்குள் வளர்ந்த நகமும், இறுக்கமான செருப்பினால் வந்த கால் ஆணியும் போர்வை பட்டால் விழிக்கச் செய்யும். காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகாலில் குத்தும் வலி பலருக்கு உண்டாயினும் அது இரவின் நோயன்று, அதற்கு வேறு அத்தியாயம் இருக்கிறது. ஆனால் பகல் இரவு எந்நிலையிலும் விடாமல், ஓய்விலும் தணியாமல், ஒரே எலும்பில் ஊன்றி நிற்கும் வலியும், ஒரு கால் மட்டும் ஆடுசதையில் வீங்கி வலிப்பதும் நாள் கடத்தாமல் ஆராயவேண்டியவை. பின்னதோடு மூச்சுத் திணறலும் சேர்ந்தால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் புறப்படவேண்டும்.

வைத்தியரிடம் செல்வதற்கு முன்பு மூன்று இரவுகளுக்கு ஒரு சிறு குறிப்பு எழுதிவைத்துக்கொள்வது, விலையுயர்ந்த பல பரிசோதனைகளை மிச்சப்படுத்தும். எத்தனை மணிக்கு விழித்தது, ஒரு காலா இரண்டு காலா, எந்த விரல், எரிந்ததா குடைந்ததா இழுத்ததா, காலை என்ன செய்தபோது தணிந்தது, அன்று மாலை என்ன உண்டது அல்லது குடித்தது, இவை போதும். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லவேண்டும். புறப்படும் நாளன்று பாதத்தில் மஞ்சளோ மருதாணியோ நகச்சாயமோ வேண்டாம். மூட்டுக்குப் பற்றுப் போட்டிருந்தால் முந்தின இரவே கழுவிவிடவேண்டும். வெளுப்பையும் செம்மையையும் கருமையையும் கண்ணால் பார்த்துத்தான் வைத்தியர் தம் பரீட்சையைத் தொடங்குவார், பற்றின் நிறத்துக்கு அடியில் அவருக்கு ஒன்றும் தெரியாது.